சாவி தேடும் சிறு வில்லை



வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் அதைத் தேடும் முறை தொன்றுதொட்டு ஒன்றுதான். முதலில் வைத்த இடத்தில் தேடுகிறோம்; பிறகு வைக்காத இடங்களிலெல்லாம் தேடுகிறோம்; அதன் பின் வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரணை நடத்துகிறோம். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பில் இந்த விசாரணை, நான் அலுவலகம் புறப்படும் காலை எட்டேகால் மணிக்கு, வாரத்துக்கு இரு முறையேனும் நடந்துவந்தது. சாவிக்கென்று சுவரில் ஓர் ஆணி உண்டு. ஆணி ஒரு நாளும் இடம் பெயர்ந்ததில்லை. சாவி அங்கே இருந்த நாள்தான் குறைவு.

இந்த நிலைக்கு இரங்கி, கல்லூரியில் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு எனக்கு ஒரு சிறு வில்லையை வாங்கிக் கொடுத்தாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. அதைக் காட்டிலும் தடிமனானது. அதைச் சாவிக்கொத்தில் கோத்துவிட்டு, கைபேசியில் ஓரிடத்தைத் தொட்டால், சோபாவின் இடுக்கிலிருந்தோ துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்தோ அது கீச்சுக் குரலில் விடை கொடுக்கிறது. எங்கள் வீட்டு விசாரணை மன்றம் அன்றோடு கலைக்கப்பட்டது.

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். பொறியியல் கற்றவனல்லன், வரலாற்றில் பட்டம் பெற்றவன். ஆகவே ஒரு புதிய கருவி வீட்டுக்குள் நுழைந்தால் அதற்குப் பெயர் தேடுவதே என் முதல் வேலை. இதை ஆங்கிலத்தில் 'ட்ராக்கர்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது? பழைய அலுவலகங்களில் டவாலி அணிந்த சேவகர் மார்பில் பித்தளை வில்லை ஒன்று மின்னும். அந்த நினைவில் நான் இதை 'வில்லை' என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அது செய்யும் தொழிலுக்குப் பெயரிடுவது அவ்வளவு எளிதாக இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது 'தேடுதல்' என்றும் எழுதலாம். 'பின்தொடர்தல்' என்றும் எழுதலாம். தொலைந்ததைத் தேடுகிறோம். போய்க்கொண்டிருப்பவரைப் பின்தொடர்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. தமிழ் நம்மை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இதை அன்று மொழிபெயர்ப்பாளனுக்குரிய சிறு தொல்லை என்றே எண்ணினேன்.

இந்த வில்லை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வானத்தில் சுற்றும் செயற்கைத் துணைக்கோள்களோடு இது பேசுகிறதென்று பலரும் நினைக்கிறார்கள். துணைக்கோள்களின் குரலைக் கேட்டு இடமறியும் கருவிகளும் உண்டு. 2019 ஜனவரி முதல் புதிய பயணிகள் வண்டிகளில் பொருத்தப்பட வேண்டுமென்று நம் நாட்டில் விதிக்கப்பட்ட இடமறி கருவிகள் அந்த இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வண்டியிலிருந்து ஓயாமல் மின்சாரம் வேண்டும். செய்தி அனுப்பச் சிம் அட்டையும் வேண்டும். நம் வில்லைக்கோ கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற ஒரு வட்டப் பாட்டரிதான் உணவு. அதை உண்டு ஏறக்குறைய ஓராண்டு உயிர் வாழ்கிறது. ஆதலால் அது துணைக்கோளைத் தேடுவதுமில்லை. தான் இருக்கும் இடத்தை அறிவதுமில்லை.

அது செய்வது ஒன்றே. சில வினாடிகளுக்கு ஒரு முறை, "நான் இன்ன எண்" என்று வானொலி அலையில் மெல்லக் கூவுகிறது. ப்ளூடூத் என்னும் முறையில் அந்தக் குரல் செல்கிறது. ப்ளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப்பெயர். பெயரை மொழிபெயர்க்கும் பாவத்தை நான் செய்யப்போவதில்லை. வானொலியின் மத்திய அலை நிலையங்கள் சில இலட்சம் வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றலோடு ஒலிபரப்புகின்றன. இந்த வில்லையின் ஆற்றல் ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கே. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவைதாம். ஒன்று யானையின் பிளிறல், மற்றது சில்வண்டின் ஒலி. வீட்டுக்குள் பத்து மீட்டர் தாண்டினால் அந்த ஒலி கேட்பது அரிது; திறந்த வெளியில் இன்னும் சற்றுத் தொலைவு எட்டும்.

பத்து மீட்டர் ஒலிக்கும் குரலைக் கொண்டு, பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பேருந்தில் விட்டுவந்த பையை எவ்வாறு கண்டுபிடிப்பது? அந்தப் பையின் அருகே யாரோ ஒருவர் கைபேசியோடு நடந்துபோகிறார். அவருடைய கைபேசி வில்லையின் குரலைக் கேட்கிறது. கைபேசிக்குத் தான் நிற்கும் இடம் தெரியும். "இன்ன எண்ணை இன்ன இடத்தில் கேட்டேன்" என்று அது செய்தி எழுதி அனுப்பிவிடுகிறது. நடந்துபோனவருக்கு இது தெரியாது. நம் பொருளைத் தேடித் தருபவர், நம்மை அறியாதவர். தாம் உதவியதையும் அறியாதவர்.

அப்படியானால் அந்த வழிப்போக்கருக்கோ, செய்தியைக் கொண்டுசெல்லும் கம்பெனிக்கோ நம் பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் அதில் காசு போடலாம். திறக்கும் சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கிறது. வில்லை கூவும் எண் இத்தகைய உண்டியலின் வாய். வழிப்போக்கரின் கைபேசி தன் செய்தியை அதில் போட்டுவிடுகிறது. திறப்பதற்கான இரகசிய எண் வில்லைக்கு உரியவரின் கைபேசியில் இருக்கிறது. வில்லை கூவும் எண்ணும் அவ்வப்போது மாறிக்கொண்டிருப்பதால், தெருவில் நின்று கேட்கும் அயலார் அதை அடையாளம் வைத்துக்கொள்வது கடினம்.

உயிரினங்களின்மேல் வானொலிக் கருவியைக் கட்டி அவை செல்லும் வழியை அறிவது புதிதன்று. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் காட்டில் ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1961-ல் கரடிகளின் கழுத்தில் அத்தகைய பட்டைகளை மாட்டினார்கள். ஆனால் அந்த ஒலியைக் கேட்க அவர்களே கையில் ஏரியலோடு மலையேறி இறங்கவேண்டியிருந்தது. இப்போது அந்த அலைச்சலை ஊர் மக்கள் எல்லாருமாகப் பங்கிட்டுக்கொண்டு செய்கிறார்கள். டைல் என்ற கம்பெனி 2013-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி இத்தகைய வில்லையைச் செய்யத் தொடங்கிற்று. ஆப்பிள் கம்பெனியின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் வந்தது. கூகிள் தன் ஆண்ட்ராய்டு கைபேசிகளை இவ்வாறு ஒரு வலையாகப் பின்னத் தொடங்கியது 2024-ல். நம் நாட்டு ஜியோவும் வில்லைகளை விற்கிறது. வாங்குவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உங்கள் கைபேசி எந்த வலையைச் சேர்ந்ததோ, அந்த வலைக்குரிய வில்லையையே வாங்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர் ஏர்டேக் வாங்கினால், சாவிக்கொத்துக்கு அது ஒரு விலையுயர்ந்த அலங்காரமாகவே இருக்கும்.

வழிப்போக்கர்தாம் தேடித் தருகிறார் என்பதிலிருந்து எல்லாம் விளங்கிவிடுகிறது. சாந்தினி சௌக்கில் தவறவிட்ட பை சில நிமிடங்களில் வரைபடத்தில் தோன்றும். ஆள் நடமாட்டமற்ற இடத்தில் அதே வில்லை ஊமை. சென்ற குளிர்காலத்தில் கட்வால் மலைப்பக்கம் சென்றபோது, ஒரு தேநீர்க் கடைப் பலகையில் என் கைப்பையை மறந்துவிட்டேன். இரண்டு நாள்வரை வரைபடம் பழைய செய்தியையே காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஏதோ ஒரு பயணி வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தியிருக்க வேண்டும், வில்லை பேசிற்று. கடைக்காரர் பையைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார். தொழில்நுட்பமும் அவருடைய நேர்மையும் சேர்ந்து என் பையை மீட்டன. எதற்குப் பெரும்பங்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பூனை, நாய் முதலியவற்றின் கழுத்தில் இதைக் கட்டுவோர் பலர். எங்கள் மாடிப்படியை வாழிடமாகக் கொண்ட ஒரு பூனைக்கு என் மகளும் கட்டியிருக்கிறாள். பக்கத்துக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அதற்கு இன்னொரு பெயரும் இன்னொரு பால் கிண்ணமும் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆனால் ஏர்டேக்கைச் செய்தவர்களே அது பொருள்களுக்கென்று அமைந்தது, பிராணிகளுக்கன்று என்று கூறியிருக்கிறார்கள். ஓடும் நாயின் இடம் நமக்குத் தெரிவதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும். நாய் வில்லையைக் கடித்து விழுங்கினாலோ ஆபத்து. பூனைக்குக் கட்டுவதானால், கிளையில் மாட்டி இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாகப் பார்த்துக் கட்டுங்கள். கால்நடை மருத்துவர் தோலின் கீழே வைக்கும் அரிசி மணியளவான மின்னணுச் சில்லு வேறு. அதற்குப் பாட்டரி இல்லை, அது இடத்தையும் சொல்லாது. படிக்கும் கருவியை அருகே கொண்டுபோனால் பதினைந்து இலக்க எண்ணைக் காட்டும். பிராணி யாருடையது என்பதற்கு அது சான்று.

பாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. 'சி.ஆர். 2032' என்று அதன்மேல் பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பது பொருள். சிறு குழந்தை இதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் ஏற்பட்டாலே, மறுநாள் வரை பார்க்கலாம் என்றிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லவேண்டும்.

இனி, நிறுத்திவைத்த காருக்கு வருவோம். தரைக்குக் கீழே மூன்று அடுக்குகளாகக் கார்களை அடுக்கும் கடைத்தொகுதிகள் தில்லியில் பெருகிவிட்டன. நவராத்திரிக் கடைச்சரக்கோடு அங்கே முக்கால் மணி நேரம் தூண் தூணாக அலைந்திருக்கிறோம். துணைக்கோளின் அலை அந்தப் பாதாளத்தில் எட்டுவதில்லை. வில்லை ஓரளவு உதவும். அருகே சென்றால், உயர்ந்த வகைக் கைபேசிகளில் திசையையும் தொலைவையும் அம்புக்குறியாகக் காட்டும் வசதி உண்டு. அலை போய்வரும் காலத்தை அளந்து தொலைவைக் கணக்கிடுகிறார்கள். ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால், ஒரு கூற்றில் அலை ஓர் அடி செல்லும் என்பதை நினைத்தால் இந்த அளவீட்டின் நுட்பம் புலப்படும். எனினும் காரின் இரும்புக்கூடு அலையை மட்டுப்படுத்துகிறது; கதவடைத்த காருக்குள்ளிருந்து அதன் கீச்சொலியும் வெளியே கேட்பதில்லை. வெயில் இன்னொரு பகை. ஏர்டேக் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று அதன் குறிப்பே கூறுகிறது. மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காரின் முன்பலகை அதைத் தாண்டிவிடும். ஆகவே இருக்கைக்கு அடியில் வையுங்கள். இறங்கும்போது தூண் எண்ணைப் படம் பிடித்துக்கொள்வதையும் விட்டுவிடாதீர்கள். என் மனைவி அதைத்தான் நம்புகிறாள்.

காரைப் பற்றிய இரண்டு செய்திகளை இங்கே அடுத்தடுத்து வைக்க விரும்புகிறேன். நியூயார்க் நகரில் கார்த் திருட்டு பெருகியபோது, 2023-ல், கார் உரிமையாளர்களுக்கு ஐந்நூறு ஏர்டேக்குகளை இலவசமாக வழங்கினார்கள். கானடாவில் டொரண்டோவை அடுத்த யார்க் வட்டாரப் போலீசார் 2021 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கையோ வேறு விதமானது. விலையுயர்ந்த கார் கடைத்தெருவில் நிற்கும்போது திருடர்கள் அதன் மறைவான ஓரிடத்தில் வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். இரவில் அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று கைபேசியில் பார்த்து, அங்கே சென்று ஓட்டிப்போய்விடுகிறார்கள். ஒரே கருவி, ஒரே வகைக் கார். முன்னதில் உரியவர் தேடுகிறார். பின்னதில் திருடன் பின்தொடர்கிறான்.

என் மொழிபெயர்ப்புத் தொல்லை சிறியதன்று என்பது, அலுவலகத்தில் நடந்த ஒன்றால் எனக்கு விளங்கிற்று. எங்கள் பிரிவில் பணிபுரியும் பெண்மணி ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் தம் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். 'உங்களுடையதல்லாத வில்லை ஒன்று உங்களோடு பயணம் செய்துகொண்டிருக்கிறது' என்ற கருத்துப்பட ஒரு செய்தி அதில் வந்திருந்தது. விளம்பரமோ என்று முதலில் ஐயுற்றாராம். அன்று காலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு முறையும் அதே செய்தி வந்திருந்தது. நாங்கள் இருவர் அவருடைய ஸ்கூட்டியை ஆராய்ந்தோம். இருக்கைக்குக் கீழே, கருவிப் பைக்குள், துணியில் சுற்றி அது இருந்தது. இன்னார் வைத்தது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி நான் மேலும் சொல்வது முறையாகாது. ஆறு வாரமாகத் தாம் எங்கே சென்றாலும் அந்த மனிதர் தற்செயலாக எதிர்ப்பட்டதை நினைத்து, அவர் நெடுநேரம் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த எச்சரிக்கை அவருக்குக் கிடைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. ஏர்டேக் வந்த புதிதில், ஆப்பிள் கைபேசி வைத்திருப்போருக்கே இத்தகைய எச்சரிக்கை தானாக வந்தது. நம் நாட்டில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. ஆப்பிளும் கூகிளும் கூடிப் பொது முறை ஒன்றை வகுத்து, 2024 மே மாதத்தில் இரு வகைக் கைபேசிகளிலும் இவ்வெச்சரிக்கை எழும்படி செய்தன. உரியவரைவிட்டு நெடுநேரம் பிரிந்த வில்லை தானே ஒலி எழுப்பவும் செய்யும். ஆனால் அந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டு விற்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆகவே கைபேசியின் எச்சரிக்கையை அணைத்துவைக்காதீர்கள்.

இந்த எச்சரிக்கையினால் எழும் சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெண்ணை எச்சரிக்கும் அதே முறை, காரைத் திருடிச் செல்பவனையும் எச்சரித்துவிடுகிறது. அவன் வில்லையை எடுத்து வீசிவிட்டுப் போகிறான். 2023-ல் டைல் கம்பெனி, திருடனுக்கு வில்லை புலப்படாதபடி மறைத்துவைக்கும் ஒரு முறையை ஏற்படுத்தியது. அதை விரும்புவோர் அரசாங்க அடையாளச் சான்று தரவேண்டும், பிறரைப் பின்தொடரப் பயன்படுத்திய குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் பத்து இலட்சம் டாலர் செலுத்தவும் உடன்படவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கார் போனாலும் போகட்டும் என்பேன். காரை இன்னொன்று வாங்கலாம், இன்ஷூரன்சும் இருக்கிறது. அஞ்சி அஞ்சித் தெருவில் நடக்கும் ஒரு பெண்ணுக்கு ஈடு கொடுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதுவும் இல்லை.

அத்தகைய வில்லை அகப்பட்டால் செய்யவேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் உடைத்தெறியவேண்டாம், அது சாட்சிப் பொருள். கிடைத்த இடத்திலேயே படம் எடுங்கள். பல வில்லைகளில், கைபேசியின் முதுகை அதன்மேல் வைத்தால் வரிசை எண் தோன்றும். ஏர்டேக் ஆனால் உரியவரின் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் தெரியக்கூடும். அதையும் படம் எடுங்கள். பிறகு மூடியை அழுத்தித் திருகிப் பாட்டரியைக் கழற்றிவிட்டால் அது வாயடைத்துவிடும். வைத்தவர் அருகில் இருக்கக்கூடும் என்று அஞ்சினால், வீட்டுக்குப் போகாமல், மக்கள் நிறைந்த இடத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ செல்லுங்கள். அவசர அழைப்புக்கு 112, மகளிர் உதவிக்கு 181. வரிசை எண்ணைக் கொண்டு, அது யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று போலீசார் கம்பெனியைக் கேட்டறியலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாக்கி, முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எங்கள் அலுவலகப் பெண்மணி முறையீடு செய்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, இதே கேள்வி என் வீட்டுக்குள்ளும் வந்தது. எங்களோடிருக்கும் என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. செவ்வாய்க்கிழமைதோறும் மலை மந்திருக்குப் போய்வருவார். அண்மையில் இரண்டு முறை திரும்பும் வழியில் திகைத்து நின்றுவிட்டார். அவருக்குத் தெரியாமல் சுருக்குப்பையின் அடியில் ஒரு வில்லையை வைத்துத் தைத்துவிடலாம் என்று சென்னையிலிருந்து என் தமையனார் யோசனை சொன்னார். நல்லெண்ணந்தான். ஆனால் ஸ்கூட்டி இருக்கையின் கீழே துணியில் சுற்றியிருந்த பொருள் என் கண்முன் நின்றது. தாயாரிடமே கேட்டேன். அது என்ன, அதனால் யாருக்கு என்ன தெரியும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "என் பையிலே ஒன்று வைப்பதானால் உன் பையிலும் ஒன்று வை. ஆபீசு விட்டு நீ எங்கே போகிறாய் என்று நானும் பார்க்கிறேன்" என்றார்.

வழி மறப்போருக்கு இந்த வில்லை போதாது. செய்தி வரத் தாமதமாகும் என்பதால் சிம் அட்டையுள்ள கைக்கடிகாரமே தகுந்ததென்று மருத்துவர் கூறினார். அதையும் அவர் சம்மதத்தோடு வாங்கியிருக்கிறோம். இரவுதோறும் அதற்கு மின்னேற்றும் பொறுப்பு மகளுடையது. சுருக்குப்பையில் வில்லையும் இருக்கிறது. நிபந்தனைப்படி என் அலுவலகப் பையில் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் பாட்டரி மாற்றவேண்டிய நாளைச் சாவி ஆணியின் அருகே தொங்கும் நாட்காட்டியில் தாயார் தம் கையாலேயே குறித்துவைத்திருக்கிறார்.